வெறும் ‘குறவர்’ என்று எழுதாதீர்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பள்ளிச் சேர்க்கை வேலை பார்ப்பவர்கள் கவனத்துக்கு.

நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைக்கு டி.சி.யிலோ எமிஸ் (பள்ளி மாணவர் விவரப் பதிவுத் தளம்)-இலோ வெறும் ‘குறவர்’ என்று போட்டால், பின்னால் சாதிச் சான்று சிக்கும். ‘குறவன்’ எஸ்.சி. பட்டியலில் உள்ள பெயர். நரிக்குறவர்கள் வேறு. வீட்டுப் பேச்சு வாக்ரிபோலி, குஜராத்திக்கு நெருக்கமானது, எழுத்து கிடையாது.

பெயர்க் குழப்பத்துக்குப் பழைய வினை ஒன்றும் உண்டு. சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய 1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது கொரவர்களை, அதாவது குறவர்களை, பிடித்தது. சட்டம் போய்விட்டது. சந்தேகம் மட்டும் பாசிமணி விற்க வரும் நரிக்குறவர் மேலும் ஒட்டிக்கொண்டது. 1972-இன் வனவிலங்குச் சட்டம் வந்ததும் வேட்டையும் போச்சு. கையில் மிஞ்சியது ஊசியும் பாசியும்தான்.

இவர்களை எஸ்.டி. பட்டியலில் சேர்க்கச் சொல்லி, எஸ்.சி., எஸ்.டி. பட்டியல்களைத் திருத்த அமைத்த லோகூர் குழு 1965-இல் பரிந்துரைத்தது, 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஐம்பத்தேழு வருஷம்! எஸ்.டி. பட்டியலில் ‘நரிக்குறவன், குருவிக்காரன்’ என்றே இருக்கிறது.

பெற்றோரிடம் இருப்பது பெரும்பாலும் பழைய எம்.பி.சி. சான்று. அதைப் பார்த்து பிள்ளைக்கும் எம்.பி.சி. என்று டிக் அடிக்காதீர்கள். எஸ்.டி. சான்று தாசில்தார் மட்டத்தில் முடியாது, கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பெற்றோர் சான்று மூன்றிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள்.