பூம்பாறை வேலப்பருக்கு ஒரு தாலாட்டு: மூன்றாவது வாரம்

தங்கை மகனுக்குப் பாட ஒரு தாலாட்டு எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் ஊர் கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறை, இங்கே முருகன் குழந்தை வேலப்பர், அதனால் யாரைத் தொட்டிலில் போடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதல் வாரம் எழுதியது எதுவும் தேறவில்லை. அடி முடிகிற இடத்தில் ஓசை ஒத்து வந்தால் போதும் என்று இயைபை மட்டும் நம்பியிருந்தேன். தூளியை ஆட்டிக்கொண்டே கேட்ட அம்மாச்சி, "பாட்டு நல்லாத்தான்டா இருக்கு, ஆனா கை நின்னு நின்னு போகுதே" என்றார்.

அப்புறம் பெரியாழ்வாரை எடுத்தேன். கண்ணனைத் தாலாட்டும் 'மாணிக்கம் கட்டி' பாசுரத்தில் அடிகள் எப்படித் தொடங்குகின்றன பாருங்கள்: மாணிக்கம், ஆணிப்பொன், பேணி, மாணிக்குறளன். நான்கிலும் முதலெழுத்து நெடில், இரண்டாவது 'ணி'. தூளி புறப்படும்போதே எதுகை விழுந்துவிடுகிறது, கை தானாகப் போகிறது. பாட்டின் வடிவம், வெண்டளையால், அதாவது வெண்பாவில் சீரோடு சீர் இணையும் முறையால், வந்த கலித்தாழிசை. ஈற்றடி மட்டும் நீளம், அதில் இரண்டு தாலேலோ. தால் என்றால் நாக்கு. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், 'லே', 'லோ' இரண்டுக்கும் நாக்கே தொட்டில் மாதிரி ஆடும். எத்தனை முறை வந்தாலும் அந்தச் சொல் சலிக்காததற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

என் முதல் அடி 'பூண்டு மணக்கும் பூம்பாறை' என்று இருந்தது. மலைப்பூண்டு விளைகிற ஊர், அதை விட மனசில்லை. ஆனால் 'மணக்கும்' புளிமா: 'மணக்' இரண்டு உயிரோசை சேர்ந்த நிரையசை, 'கும்' ஒன்றே உள்ள நேரசை. வெண்டளையில் மாச்சீருக்கு அடுத்து நிரை வர வேண்டும், அந்த இடத்தில் 'பூம்' என்று நேர் வந்து தளை தட்டியது. அம்மாச்சியின் கை நின்றதும் சரியாக அங்கேதான்! 'மணக்கின்ற' என்று மாற்றினேன், ஓர் அசை கூடிப் புளிமாங்காய் ஆகிவிட்டது, காய்ச்சீருக்கு அடுத்து நேர்தான் வர வேண்டும், சரி. ஒரே ஒரு அசைக்கு இரண்டு நாள் போனது.

இப்போது நிற்பது இது:

பூண்டு மணக்கின்ற பூம்பாறைக் குன்றேறி
வேண்டி வருவோர்க்கு வேலெடுத்து நின்றவனே
தீண்டும் பனிக்காற்றில் தேகம் குளிராமல்
ஆண்டியே கண்வளராய் தாலேலோ! அப்பனே வேலப்பா தாலேலோ!

பூ-பூ, வே-வே, தீ-தே என்று மோனை மூன்றாம் சீரில் விழுவது தூளி மறுமுனையைத் தொடும் நேரத்தோடு ஒத்துப்போகிறது. இதை நான் திட்டமிடவில்லை, பாடிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

பத்துப் பாட்டுள்ள பதிகமாக முடிக்க ஆசை. இரண்டாம் பாட்டுக்குக் குறிஞ்சியில் தொடங்கி 'றி' எதுகை தேடிக்கொண்டிருக்கிறேன். நெறி, வெறி, பொறி, அறி வரை வந்திருக்கிறது. நேற்று ராத்திரி முதல் பாட்டை நான்கு தடவை பாடினார் அம்மாச்சி, கை ஓரிடத்திலும் நிற்கவில்லை.