வெல்லப்பாகு பதம்: விஸ்கஸ் கப்ளிங்கை வீட்டிலேயே சோதித்த கதை

"கியர்பாக்ஸே மாத்தணும் சார்." வண்டியை ஜாக்கில்கூட ஏற்றிப் பார்க்காமல் மெக்கானிக் சொன்ன தீர்ப்பு இது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

என்னுடையது பழைய செவ்ரோலெட் ஃபாரெஸ்டர். பெயர்தான் செவ்ரோலெட், உள்ளே முழுக்க ஜப்பான்காரன் சுபாரு. செவ்ரோலெட் கம்பெனி 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டதால் ஸ்பேர் என்றாலே அலைச்சல்தான். கடலூர் போய்வந்த சூட்டோடு புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால், பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி வண்டி திணறும், டயர் கீச்சிடும். மறுநாள் காலையில் எடுத்தால் ஒன்றுமே தெரியாது.

இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சந்தேகம், முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் இணைக்கிற விஸ்கஸ் கப்ளிங் மேல்தான். டப்பாவுக்குள் சிலிகோன் திரவம், அதில் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தகடுகள். முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் திரவம் சூடாகி இறுகும். திருப்பத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கெட்டுப்போய்ப் பிடித்துக்கொண்டால் விட்டுக்கொடுக்காது.

சரி, எட்டு போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு மண் மைதானத்துக்குப் போனேன். லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டுதான். அரை மணி நேரம் சுற்றினேன், வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது. பெட்ரோல் தண்டம். மண்ணில் டயர் வழுக்கிக்கொடுத்துவிடும், கோளாறு வெளியே தெரியாது. காய்ந்த தார் ரோடோ சிமெண்ட் தரையோதான் வேண்டும்.

அடுத்தது ஜாக் சோதனை. சமதரையில் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல், ஹேண்ட்பிரேக், முன்பக்கம் ஒரே ஒரு சக்கரம் மட்டும் மேலே. ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். இரண்டு கையாலும் டயரைப் பிடித்துத் திருகினேன். அசையவே இல்லை! போச்சு, மெக்கானிக் சொன்னதுதான் சரி என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏஎஃப்டி துணி மில்லில் மெஷினோடு மாரடித்தவர். எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "நியூட்ரல்ல இருக்கா தம்பி?"

இல்லை. வண்டி நகராமல் இருக்கட்டும் என்று பழக்கதோஷத்தில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டிருந்தேன். எஞ்சின் ஒரு பக்கம் பிடிக்க, தரையில் நிற்கும் பின்சக்கரங்கள் மறுபக்கம் பிடிக்க, நல்ல கப்ளிங் இருந்தாலும் சக்கரம் சுற்றாது. நியூட்ரலுக்கு மாற்றினேன். மெல்ல, ஒரே சீராக, வெல்லப்பாகைக் கிளறுகிற மாதிரி சுற்றியது. அவசரப்பட்டுத் தள்ளினால் இன்னும் இறுகியது. அந்தப் பதம்தான் வேண்டும். காற்றில் சுற்றுகிற மாதிரி லேசாக இருந்தாலும் கோளாறுதான்.

ஆனால் கடலூர் வரை போய்வந்து சூட்டோடு மறுபடி தூக்கியபோது திருக முடியவில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டேன், பழையபடி பாகு. "ஆறினா சரியாவுதுன்னா, அத சூடேத்துறது எது?" என்றார் பெரியவர்.

டயர்! போன மாதம் முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டிருந்தேன். வீட்டு டெய்லர் டேப் 150 சென்டிமீட்டர்தான், எட்டவில்லை. தூக்கிய டயரைச் சுற்றி நூலை ஓட்டி, அதை அப்புறம் அளந்தேன். தேய்ந்த பின்டயரின் சுற்றளவு 25 மில்லிமீட்டர் குறைவு. சுபாரு கணக்குப்படி 6 மில்லிமீட்டருக்கு மேல் போகவே கூடாது. சுற்றளவு குறைந்த சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருப்பதால், நேர்ரோட்டில் போகும்போதுகூட கப்ளிங் ஓயாமல் அரைபட்டு வெந்திருக்கிறது.

பின்னாலும் அதே டயர் இரண்டு வாங்கிப் போட்டேன். திணறல் போய்விட்டது.

உண்மையிலேயே கப்ளிங் போயிருந்தாலும் பயப்பட வேண்டாம். இந்த வண்டியில் அது கியர்பாக்ஸின் வால்பகுதியில் இருக்கிறது. பின்மூடியைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம், கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம். இன்னொன்று: வண்டி வழியில் நின்றுவிட்டால் இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப்போக விடாதீர்கள். நாலும் மேலே ஏறுகிற லாரியாகக் கேளுங்கள், காசு கூடக் கேட்டாலும்.