நரம்பு போடத்தானே வந்தீங்க?

நுவரெலியாப் பக்கத்தில் கை சில்லிட்டிருப்பதை யாரும் நோயாக எடுப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். வார்டில் யார் கையைத் தொட்டாலும் குளிர்தான், தொடுகிற என் கை உட்பட. அதனால் மருந்து ஏற்றும் சின்னக் குழாயான கெனுலாவைப் போட நரம்பு அகப்படாவிட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது, "குளிருக்குச் சுருங்கிருச்சு." பெரும்பாலும் அது உண்மையும்கூட. அதுதான் சிக்கலே.

என் வேலைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் தனிப் பெயர் கிடையாது. மற்றவர்களுக்கு நரம்பு கிடைக்காவிட்டால் கூப்பிடுவார்கள். ஒரு நோயாளி திடீரென்று மோசமானாலும் கூப்பிடுவார்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்று அவர்கள் நினைக்கிறார்கள்; எனக்கு அப்படித் தெரியவில்லை. உடம்பு தடுமாறத் தொடங்கும்போது இருக்கிற இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டு, தோலையும் கைகால்களையும்தான் முதலில் கைவிடும். பிரஷர் இறங்குவதற்கு முன்பே நரம்பு ஒளிந்துகொள்வதுண்டு.

அந்த அம்மா கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். காய்ச்சல், சிறுநீர் போவதில் எரிச்சல் என்று வந்திருந்தார். இரவு டியூட்டியில் இருந்த இளம் நர்ஸ், சின்ன மிஸ், கூப்பிட்டாள்: "அக்கா, நரம்பு மட்டும் போட்டுத் தாங்க. மத்தபடி ஆள் நல்லாத்தான் இருக்காங்க."

நன்றாகத்தான் பேசினார். நான் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது சிரித்தார். "எனக்கு எந்நாளும் கை இப்பிடித்தான் மிஸ். பனியில கொழுந்து எடுத்த கை." விரல் நுனிகளில் தேயிலைக் கறை இன்னும் வெடிப்புகளுக்குள் கறுப்பாக இருந்தது. இந்தக் கைகளில் தோல் தடித்திருக்கும். ஊசி உள்ளே போவதற்குள் நரம்பு ஒரு பக்கம் உருண்டுவிடும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, முன்கையில் ஒரு ரோஸ் கெனுலா போட்டுவிட்டேன். கேட்ட வேலை அத்தோடு முடிந்தது.

ஆனால் துணியைச் சுற்றும்போதே கவனித்திருந்தேன்: குளிர் விரலில் நிற்கவில்லை, முழங்கை வரை ஏறியிருந்தது. விரலை அழுத்திப் பார்த்து இந்த ஊரில் பயனில்லை என்பதால், நெஞ்செலும்பின் மேல் ஐந்து செக்கன் அழுத்திவிட்டு எடுத்தேன். இரண்டு செக்கனில் திரும்ப வேண்டிய நிறம் நான்கு செக்கனாகியும் முழுதாகத் திரும்பவில்லை. சார்ட்டில் பிரஷர் 105/70. நல்ல பிரஷர்தான், ஆனால் தலைமாட்டில் சொப்பிங் பேக்கில் இருந்த கிளினிக் புத்தகத்தைப் புரட்டினால் மாதாமாதம் 150, 160. நாடித்துடிப்பு 88. அதுவும் நல்லதுதான், அட்டெனலோல் குடிக்காதவராக இருந்திருந்தால். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. மூச்சு 20 என்று எழுதியிருந்தது. எல்லா நோயாளிக்கும் 20தான் எழுதப்படும், அது வேறு கதை. நான் ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன்: 28.

எச்.ஓ., அதாவது வார்டின் இளநிலை டொக்டர், கொஞ்ச நேரத்துக்கு முன்தான் பார்த்துவிட்டு, காலையில் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அவரைக் கூப்பிடாமல் அவருக்கு மேலே இருப்பவருக்கு நேராக போன் பண்ணினேன். அப்போதுதான் பொறுப்பு சிஸ்டர் வந்தார். சிங்களத்தில், மெதுவாகத்தான் கேட்டார்: "நரம்பு போடத்தானே வந்தீங்க?"

இந்தக் கேள்விக்குப் பல பதில்களை அப்புறம் யோசித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆளாளுக்கு மேலே போன் பண்ணினால் வார்டு நடக்காது. எச்.ஓ.வையே கூப்பிட்டிருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பாரோ என்னவோ. எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. இல்லை, நேரம் இல்லை. எது சரியான வார்த்தை என்று அன்றன்றைய மனநிலைக்கு ஏற்ப மாறுகிறது.

பெரிய டொக்டர் வந்தார், இரத்தம் எடுத்தார்கள், அன்டிபயோட்டிக் தொடங்கினார்கள், சேலைன் ஓடியது. விடியுமுன் பிரஷர் விழுந்தது. எங்களிடம் ஐ.சி.யு. கட்டில் காலியில்லை. இருட்டோடு அம்புலன்ஸில் றம்பொடை வளைவுகளைக் கடந்து கண்டிக்குப் போனார். வீட்டு நம்பருக்கு அடித்துப் பார்த்தோம். அந்த லயத்துப் பக்கம் சிக்னல் இல்லை.

காலையில் மகள் வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள். அவர் பஸ் பிடித்துக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாயில் குழாயோடு மெஷினில் இருந்திருக்கிறார். சில நாட்களில் முடிந்துவிட்டது. ஏதோ கடிதத்துக்காகத் திரும்பி வந்தவர் என்னைக் கண்டு நின்றார்.

"பேசிக்கிட்டு இருந்தவங்களத்தானே மிஸ் அனுப்பினீங்க? இங்கேயே இருந்திருந்தா ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்."

பேசிக்கொண்டிருந்தது உண்மை. அவர் வரும் நேரம் வரை பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? நான் பிந்தியிருந்தால் இங்கேயே போயிருப்பார், மகளுக்கும் கேள்வி இருந்திருக்காது என்று சில நாள் நினைக்கிறேன். இன்னும் முந்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சில நாள். "அங்க வசதி கூட" என்றேன் அவரிடம். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

இன்றைக்கும் அதே நிலையில் ஒருவரைப் பார்த்தால் போனை எடுப்பேன். இப்போது கொஞ்சம் அதிகமாகவே எடுக்கிறேன் என்றுகூடச் சொல்கிறார்கள். வெறும் குளிருக்கு டொக்டரை எழுப்பிய இரவுகளும் உண்டு. அந்த வார்டிலிருந்து எனக்கு அழைப்பு குறைந்துவிட்டது. நரம்பு கிடைக்காவிட்டால் அவர்களே திரும்பத் திரும்பக் குத்திப் பார்க்கிறார்கள் என்று சின்ன மிஸ் சொன்னாள். என்னைக் கூப்பிட்டால் வேறு ஏதாவது கண்டுபிடிப்பேனாம்.