நாய்க்கும் ஒரு கிளினிக் கொப்பி

மாங்குளத்துக்கு அப்பால் காட்டோரமாக இருக்கும் எங்கள் வளவை நான்கு வருடங்களாகக் காத்து வருபவன் வீமன். சென்ற ஆவணியில், சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து வாட்டிய நாட்களில், அவன் பகல் முழுவதும் பலாமரத்தின் கீழ் படுத்தே கிடந்தபோது, வெக்கை தாங்காமல் சோர்ந்திருக்கிறான் என்றே எண்ணினேன். வைத்த சோற்றை உண்டான். இரவில் யானை வந்தால் குரைக்கவும் செய்தான். விசர்நோய்த் தடுப்பூசி போடும் காலம் வந்துவிட்டதால் மட்டுமே அவனை ஓட்டோவில் ஏற்றிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றேன்.

அவர் ஊசியைத் தொடவே இல்லை. மேலுதட்டை உயர்த்திப் பல்முரசைப் பார்த்தார். நலமாக உள்ள நாயின் முரசு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். வீமனின் முரசோ அழுத்துவதற்கு முன்பே வெளுத்திருந்தது. காதின் மடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணிகள் ஆமணக்கங்கொட்டை போல ஊதிக் கிடந்தன. இரத்தத்தைப் பரிசோதித்தபோது, உண்ணி வழியாகப் பரவும் பபேசியா என்ற ஒட்டுண்ணி தெரிந்தது. செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து அவற்றை அது அழித்துக்கொண்டே இருக்க, நாங்கள் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தோம். காய்ச்சல் இருந்ததால் தடுப்பூசி பிற்போடப்பட்டது.

பிறகு நிறுத்துப் பார்த்தார்: 14 கிலோ. "போன முறை எவ்வளவு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. குழந்தைக்குக் கிளினிக் கொப்பி வைத்து மாதந்தோறும் நிறை பதிகிற வீட்டில், நாய்க்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. மாடு ஒரு நேரம் பால் குறைத்தால் அன்றே வைத்தியரை அழைக்கும் எங்களுக்கு, நட்டம் உடனே தெரியாத நாயின் நோய் அது சோற்றை மறுத்த பிறகுதான் கண்ணில் படுகிறது. "உண்ணி இல்லாத நாய் வன்னியில் எங்கே இருக்கிறது?" என்று அயலவர் சிரித்தார். நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான்.

பூச்சி மருந்தும் அன்று கொடுக்கப்பட்டது. இலங்கையின் பழைய பெயரையே தாங்கிய அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற கொக்கிப் புழு, நாய் பூனைகளோடு நில்லாமல் மனிதரின் குடலிலும் வளரக்கூடியது. நாயின் மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு திரியும் பிள்ளையின் தோலைத் துளைத்து அதன் குடம்பி உள்ளே நுழைந்துவிடும். முற்றத்து மணலில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போட முடியாது.

பபேசியா, குணமான பின்பும் சில நாய்களின் உடலில் மறைந்திருந்து மீண்டும் தலைதூக்கும் என்பதால் தொடர்ந்து காட்டி வருகிறோம். நாற்பது பக்கக் கொப்பியில் இப்போது மூன்று வரிகள் உள்ளன: 14, 15.5, 17. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்க வார்த்த பிறகு உதட்டை உயர்த்தி முரசைப் பார்ப்பது மகளின் வேலை. வீமனுக்கு அது சற்றும் பிடிப்பதில்லை.