புதுவீட்டுக்குக் கிரைண்டரும் கறிவேப்பிலைக் கன்றும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் புதுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிபோகிறார்கள் என்றால், அழைப்பு வந்த நாளிலேயே சொந்தக்காரர்களுக்குள் பேச்சு தொடங்கிவிடும்: "என்னத்த வாங்கிக் கொடுக்கிறது?" கடைசியில் போய்ச் சேருவது சுவர்க் கடிகாரம், கண்ணாடி டம்ளர் செட், குத்துவிளக்கு. குத்துவிளக்கு ஒன்று போதும். மற்றவை கட்டுப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே ஏறிவிடும்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து கொடுப்பதாக இருந்தால் மேசைக் கிரைண்டர், தனியாகக் கொடுப்பதாக இருந்தால் கறிவேப்பிலைக் கன்று. தமிழ் வீட்டில் தினமும் கைபடும் பொருள்கள் இவை. ஆனால் ஒரு வருஷத்துக்குள் கெட்டுப்போகும் பொருள்களும் இவையே. அதனால் பொருளோடு, அது அந்த வீட்டில் ஓடுவதற்கு வேண்டிய ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் கிரைண்டர். நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 2 லிட்டர் போதும். சாய்த்து ஊற்றும் வகை வசதியானதுதான். ஆனால் அதன் கீல் மாவு பட்டுப் பட்டு இறுகும், விலையும் கூடுதல். உரலைத் தூக்கி எடுக்கும் சாதாரண வகையை, கையில் தெம்பிருக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். மூட்டுவலி உள்ள அம்மாவுக்குக் கொடுப்பதென்றால் சாய்க்கும் வகைதான். கல்லோடு சேர்ந்த உரல் நல்ல கனம்.

இங்கே விற்பவை பெரும்பாலும் கோயம்புத்தூர்ப் பக்கம் செய்தவை. அந்த ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. இந்தியாவிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் அதேதான். ஆகவே ஊருக்குப் போய்த் தூக்கி வந்தாலும் டிரான்ஸ்பார்மர் தேவையில்லை. மாறுவது பிளக் மட்டும்: அங்கே மூன்று உருண்டைக் கம்பி, நமக்கு மூன்று சதுரக் கம்பி. உருண்டைக் கம்பியை நம் சுவர்த் துளைக்குள் அழுத்தித் திணிப்பதும், எர்த் துளையில் குச்சியை விட்டுத் திறப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. செய்யவே கூடாது. உள்ளே தொடுப்பு சரியாகப் பிடிக்காமல் சூடேறி, சாக்கெட் கருகும்.

பிளக்கையே மாற்றிக் கொடுங்கள். பழைய பிளக்கை வெட்டிவிட்டு, சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக் ஒன்றைப் பொருத்த வேண்டும். மூடியைக் கழற்றி, எர்த் கம்பி மேலே இருக்கும்படி பிடித்தால் வலது பக்கம் பியூஸோடு இருப்பது லைவ், இடது பக்கம் நியூட்ரல், மேலே எர்த். பழுப்பு வயர் வலது, நீலம் இடது, பச்சை மஞ்சள் மேலே. பழைய இந்திய வயர் என்றால் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். 2 லிட்டர் கிரைண்டர் மோட்டார் சுமார் 150 வாட். அது இழுக்கும் கரண்டு ஒரு ஆம்பியருக்கும் கீழே. கடையில் பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். எர்த் வயரை மட்டும் வெட்டி விட்டுவிடாதீர்கள். ஈரக்கையோடு தொடும் சாமான் இது. வயர் வேலை பழகாதவர்கள் வயர்மேனிடம் கொடுங்கள், பத்து நிமிஷ வேலை.

புதுக் கல்லில் நேராக மாவரைத்தால் சாம்பல் நிறப் பொடி மாவில் கலக்கும். ஊறவைத்த பழைய அரிசி ஒரு கைப்பிடியைத் தண்ணீரோடு 10 நிமிஷம் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். அரிசித் தண்ணீர் வெள்ளையாக வரும்வரை இரண்டு மூன்று தடவை செய்தால் கல் தயார்.

மாவு அரைப்பதில் நம் வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. 200 கிராம் உளுந்து, 800 கிராம் இட்லி அரிசி, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உளுந்து 2 மணி நேரம், அரிசி 4 மணி நேரம் ஊறினால் போதும். உளுந்து ஊறிய தண்ணீரை ஐஸ்பெட்டியில் வைத்துக் குளிரவிட்டு, அதையே தெளித்து அரைக்க வேண்டும். முதலில் உரலைச் சுற்றவிட்டு, பிறகு உளுந்தைப் பிடிப்பிடியாகப் போடுங்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு சுவிட்சைத் தட்டினால் கல் மாட்டிக்கொண்டு மோட்டார் திணறும். மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு கை தண்ணீர். 25 நிமிஷம் ஆனதும் ஒரு சொட்டு மாவை எடுத்துக் கிண்ணத் தண்ணீரில் விடுங்கள். கரையாமல், அடியில் உட்காராமல், பஞ்சு மாதிரி மிதந்தால் எடுக்கலாம். இந்தக் காற்றும், மாவு புளிக்கும்போது உண்டாகும் வாயுவும் சேர்ந்துதான் இட்லியைத் தூக்குகின்றன. மிக்சி பிளேடு மாவைச் சூடாக்கிவிடுகிறது, இவ்வளவு காற்றையும் ஏற்றுவதில்லை. மிக்சி மாவு இட்லி கல்லாவதற்குக் காரணம் அதுதான். அரிசி 20 நிமிஷத்தில் மெல்லிய ரவைப் பதத்துக்கு வந்துவிடும்.

உப்பைப் போட்டுக் கையால் கலந்து வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் 6 முதல் 8 மணி நேரத்தில் பொங்கிவிடும். சாயங்காலம் 5 மணிக்கு அரைத்து மறுநாள் காலை பசியாற வைத்துக்கொண்டால் புளித்துப் போயிருக்கும். இரவு 9, 10 மணிக்கு அரைப்பதுதான் சரி.

இனிக் கோளாறுகள். சுவிட்ச் போட்டதும் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். அப்படியே விட்டால் மோட்டார் காயில் எரியும். கல் மாட்டியிருக்கிறதா, பெல்ட் கழன்று சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான். மலிவான சாமான், மாற்றினால் ஓடும். மோட்டார் ஓடியும் உரல் நின்றுபோனால், ரப்பர் கருகும் நாற்றம் வந்தால், மாவு கெட்டியாகி பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். தண்ணீர் தெளித்தும் சரியாகவில்லையென்றால் பெல்ட் தேய்ந்துவிட்டது. அடியில் கறுப்புப் பொடி உதிர்ந்து கிடந்தால் அதுவும் இதற்குத்தான் அடையாளம். கீச்சென்ற சத்தம் வந்தால், உரலின் நடுத்தண்டு உயரத்தைத் தாண்டி மாவு ஏறி, தண்டு வழியாகத் தண்ணீர் பேரிங்குக்கு இறங்கியிருக்கும். பேராசைப்பட்டு நிறைத்ததன் விளைவு.

பெல்ட்டின் மேல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். புதிதாக இருக்கும்போதே அதைக் குறித்து, அதே எண்ணில் ஒரு பெல்ட்டையும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள். இரண்டு வருஷம் கழித்து எண் அழிந்த பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு ஈப்போவரை கடை கடையாக அலைய வேண்டியிருக்காது. இன்னொன்று: ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் சாயங்கால இடி மழை கடுமையாக இருக்கும். வேலை முடிந்ததும் பிளக்கையே பிடுங்கிவிடச் சொல்லுங்கள். சுவிட்சை அணைப்பது மின்னலுக்குக் காவல் ஆகாது.

கன்றுக்கு வருவோம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. இது தெரிந்தால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். லிமாவ் கஸ்தூரி என்னும் சின்ன எலுமிச்சைச் செடியைத் தாக்கும் பூச்சிகள் இதற்கும் வரும். பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் வீட்டின் முன்னே ஒன்று, பின்னே ஒன்றாக வையுங்கள்.

தாய்ச்செடியின் வேரிலிருந்து முளைத்த பக்கக் கன்றை, அதற்கென்று சொந்த வேர் இருந்தால் மட்டும், கத்தியால் பிரித்தெடுக்கலாம். இல்லையென்றால் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, விதையை அன்றைக்கே விதைக்க வேண்டும். காயவைத்த விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும். கிளையை ஒடித்து நட்டால் பிடிப்பது அரிது.

12 அங்குலச் சட்டி, அடியில் நல்ல துளைகள். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய எரு. நம் செம்மண்ணை மட்டும் போட்டால் மழைக்குப் பிறகு செங்கல்லாக இறுகிவிடும். கோழிச்சாணத்தைப் பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். இரண்டு மூன்று மாதம் மக்கவிட வேண்டும். புளித்த மோர் ஊற்றும் பழக்கம் நிலத்தில் நிற்கும் மரத்துக்குச் சரி. சட்டியில் ஊற்றினால் நாற்றமும் ஈயும்தான் மிஞ்சும்.

இலை மஞ்சளானதும் உரத்தை அள்ளிப் போடாமல், எந்த இலை என்று பாருங்கள். கீழ் இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியம் குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு, மாதம் ஒரு முறை. நுனித் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. புதுத் தாமானில் இதற்குக் காரணம் பெரும்பாலும் சுவரோரம்தான். கட்டும்போது கொட்டிய சிமெண்டுக் கழிவு மண்ணில் சுண்ணாம்பை ஏற்றிவிடுகிறது, அந்த மண்ணில் இரும்பு வேருக்குக் கிடைப்பதில்லை. சுவரிலிருந்து நாலடியாவது தள்ளி, பழைய மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு நட வேண்டும்.

தளிர் சுருண்டு, அதில் எள்ளளவுப் பூச்சி வாலைத் தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது சாறுறிஞ்சிப் பூச்சி. அந்த நுனியைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்பு கலந்து, வெயில் இறங்கியதும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். தெளித்தபின் ஒரு வாரம் அந்த இலையைப் பறிக்காமல் விட்டு, பிறகு நன்றாகக் கழுவிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவை எச்சம் மாதிரி இருக்கும் புழு பட்டாம்பூச்சிப் புழு. கையால் எடுத்தாலே போதும்.

இலையை உருவக் கூடாது. கொத்தோடு, கணுவுக்கு மேலே வெட்டினால் அங்கே இரண்டு கிளை பிரியும். செடி இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியை வெட்டிவிடுங்கள். மொட்டு வந்தால் கிள்ளுங்கள்.

சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். ஒரு வாரம் தேங்கிய தண்ணீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசு உற்பத்தியானால் அபராதம் போட முடியும்.

கன்றைக் கொடுக்கிற அன்றைக்கே நிலத்தில் நடச் சொல்லாதீர்கள். தாமான் வீடு வாங்கியவர்களில் பலர் ஒன்றிரண்டு வருஷத்தில் பின்பக்கம் அடுப்படியை இழுத்துக் கட்டுவார்கள். அந்த வேலை முடியும்வரை செடி சட்டியிலேயே, ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் முன்வாசலில் நிற்கட்டும்.