கோபுரத்து இளவரசன்

மார்ச் 3

ஸ்பானிய நாடகாசிரியர் கால்தெரோனின் 'வாழ்க்கை ஒரு கனவு' நாடகத்தை எடுத்திருக்கிறேன். 1636-இல் அச்சானது. மூன்று அங்கம், முழுக்கச் செய்யுள். ஸ்பானிய மூலத்தை வாய்விட்டுப் படிப்பதால் மெதுவாகத்தான் நகர்கிறது.

கதை நடப்பது போலந்தில். ராஜா பசிலியோ கிரகம் பார்க்கிறவர். மகன் கொடுங்கோலன் ஆவான், தகப்பனையே காலில் விழவைப்பான் என்று தெரிந்ததும், குழந்தை இறந்தே பிறந்தது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மலைக்கோபுரத்தில் அடைத்துவிடுகிறார்.

விலங்கு பூட்டி, தோலாடையோடு அந்த மகன் செகிஸ்முந்தோ பேசும் முதல் பேச்சை நாலு தடவை படித்தேன். பறவையைவிட எனக்கு ஆன்மா அதிகம், மீனைவிட சுயவிருப்பம் அதிகம், ஓடையைவிட உயிர் அதிகம். சுதந்திரம் மட்டும் ஏன் குறைவு? பத்துப் பத்து அடியாக வரும் பாட்டு, ஒவ்வொன்றும் இந்தக் கேள்வியில் வந்து முட்டுகிறது. தொண்டை அடைத்துவிட்டது.

மார்ச் 5

மயக்க மருந்து கொடுத்து அவனை அரண்மனைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒழுங்காக நடந்தால் ராஜ்யம். இல்லையென்றால் மறுபடி கோபுரம், நடந்தது கனவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு வேலைக்காரன் அவனை மறித்து மறித்துப் பேசுகிறான். செகிஸ்முந்தோ அந்த வேலைக்காரனை அப்படியே தூக்கிப்போய் பால்கனியிலிருந்து கடலில் வீசிவிடுகிறான். ஜோசியம் பலித்தது என்கிறார் ராஜா. எனக்கு ராஜா மேல்தான் ஆத்திரம். ஒரு காவலரைத் தவிர மனித முகமே காட்டாமல் வளர்த்துவிட்டு ஒரே நாளில் பரீட்சை வைப்பது என்ன நியாயம்?

திரும்பக் கோபுரத்தில் கண்விழிப்பவனிடம் அந்தக் காவலர் குளோத்தால்தோ சொல்கிறார்: கனவில் செய்த நல்லதும் வீண்போகாது.

மார்ச் 6

சிப்பாய்கள் செகிஸ்முந்தோவை விடுவிக்கிறார்கள். ராஜாவுக்கு எதிராகக் கலகம், போர். கோமாளி கிளாரின் பாறை மறைவில் ஒளிந்துகொள்கிறான். குண்டு அங்கேயே தேடி வருகிறது. விதியிடமிருந்து ஒளிய முடியாது என்பது இதைப் பார்த்த பிறகுதான் பசிலியோவுக்கு உறைக்கிறது.

மார்ச் 8

முடித்துவிட்டேன். இவ்வளவு நாள் நான் தப்பாக நினைத்திருந்தேன். விதியை ஜெயிப்பது என்றால் சொன்னது நடக்காமல் போவது என்று. இங்கே சொன்னது அப்படியே நடக்கிறது: நரைத்த ராஜா மகன் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறார். கிரகங்கள் அதுவரைதான் சொல்லியிருந்தன. அப்புறம் செகிஸ்முந்தோ குனிந்து அவரைத் தூக்கி நிறுத்துகிறான். அது எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆனால் தன்னை விடுவித்த சிப்பாய் பரிசு கேட்கும்போது, அந்தச் சிப்பாயைச் சாகும்வரை அதே கோபுரத்தில் அடைக்கச் சொல்கிறான் செகிஸ்முந்தோ. துரோகம் முடிந்தபின் துரோகி தேவையில்லையாம். சபையே அவன் அறிவை மெச்சுகிறது. என்னால் முடியவில்லை. அந்தப் பக்கத்தில் காகிதம் செருகி வைத்திருக்கிறேன்.