அப்பச்சோடாவை விட்டு ஆனையிறவு உப்புக்கு வந்த கதை

சொட்டுநீர்க் குழாயின் தொடக்கத்தில் வைக்க ஒரு வடிகட்டி செய்து தரமுடியுமா என்று அப்பா கேட்டார். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் சுண்ணாம்பும் செம்மண்ணும் சேர்ந்து சொட்டும் துளைகளை அடைத்துவிடும், வெங்காயத் தறையில் பாதி காய்ந்து கிடக்கும். பட்டறையில் போத்தல் மூடி வார்க்கும் கைப்பிடி இஞ்செக்ஷன் மெஷின் இருக்கிறது, கைப்பிடியை இறக்கினால் உருகிய பிளாஸ்ரிக்கை அச்சுக்குள் தள்ளும். துளைத் துளையான பிளாஸ்ரிக் கட்டை ஒன்றை அதிலேயே வார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் பொலித்தீன் மணியோடு அப்பச்சோடாவும் சித்திரிக் அமிலமும் கலந்தேன். சூட்டில் காபனீரொட்சைட்டு வரும். அச்சை முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் குறைத்து விட்டால் மீதியை வாயு ஊதி நிரப்பிவிடும். கட்டை அழகாக வந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே பாண் மாதிரி இருந்தது. அப்பா அதன் மேல் தண்ணீர் ஊற்றினார்.

“தம்பி, தண்ணி மேலயே நிக்குது. கீழ இறங்கேல்லை.”

குமிழ்கள் ஒவ்வொன்றும் சுவர் மூடிய தனி அறை. பாரம் குறைந்த பொருள் செய்ய அது நல்லது, வடிகட்டிக்கு உதவாது. சோடாவைக் கூட்டினேன். குமிழ்கள் உடைந்து பெரிய பொந்துகள் தான் வந்தன.

அப்புறம் தான் உப்பு. உப்பு உருக 801 பாகை செல்சியஸ் வேண்டும், என் மெஷின் ஓடுவது 180இல். பிளாஸ்ரிக் உருகும்போதும் உப்பு மணி மணியாகவே இருக்கும். வார்த்த பின் தண்ணீரில் ஊறவைத்தால் அது கரைந்து போய், இருந்த இடம் துளையாகிவிடும்.

ஆனையிறவு உப்பை அரைத்து, இரண்டு அரிதட்டுகளில் அரித்து, அரை மில்லிமீற்றருக்கும் கால் மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டதை மட்டும் எடுத்தேன். கடல் உப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கும், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். முதல் நாள் காயவைக்காமல் போட்டதில் நீராவி கிளம்பி, மெஷின் வாயால் பிளாஸ்ரிக் சீறியது. கிட்ட நிற்காதீர்கள். அன்றிலிருந்து 120 பாகையில் நான்கு மணித்தியாலம் காயவைத்த பிறகே கலக்கிறேன்.

நான் பிழைவிட்ட இடம் கணக்கு. எடையில் நூற்றுக்கு 70 பங்கு உப்புப் போட்டேன், தாராளம் என்று நினைத்தேன். 40 கிராம் கட்டையில் 28 கிராம் உப்பு. மூன்று நாள் ஊறியும் 17 கிராம் தான் வெளியேறியது. உப்பின் அடர்த்தி 2.16, பொலித்தீனின் அடர்த்தி 0.92. கனவளவில் பார்த்தால் உப்பு சரிபாதி தான். நடுவில் இருந்த மணிகள் பல ஒன்றையொன்று தொடாமல் பிளாஸ்ரிக்குக்குள் சிறைப்பட்டுவிட்டன. எடையில் 85 பங்கு போட்டால் தான் கனவளவில் 71 வரும். இந்தக் கணக்கை முதலே கடதாசியில் போட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

85இல் கலவை களி போலத் தடித்துவிட்டது, கைப்பிடி இறங்கவே இல்லை. பை செய்யும் பொலித்தீனை விட்டு, இலகுவாக ஓடும் இஞ்செக்ஷன் ரகத்துக்கு மாறி, அச்சின் வாசலை அகலமாக்கி, சூட்டை 200க்கு ஏற்றினேன். அச்சையும் சூடாக்கிக்கொண்டேன். சரி, நிரம்பியது.

அச்சுச் சுவரை ஒட்டிப் படியும் மெல்லிய பிளாஸ்ரிக் தோலை இரு பக்கமும் உரைதாளால் தேய்த்து எடுத்த பின்பே ஊறவைக்க வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில், நாளுக்கு இரண்டு தடவை மாற்றி, நான்கு நாள். 47 கிராம் கட்டை காய்ந்தபின் ஏழு கிராமும் சொச்சமும் நின்றது. உப்பு இன்னும் வெளியேறுகிறதா என்று ஊறிய தண்ணீரில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டுப் பார்ப்பதாக இருந்தால் கிணற்றுத் தண்ணீரில் பார்க்காதீர்கள், அதிலேயே குளோரைட்டு இருப்பதால் எப்படியும் வெண்மையாகும். பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள்.

மெஷினுக்கு உப்பு எதிரி. ஒரு இரவு விட்டதில் அச்சு சிவப்பாகத் துருப்பிடித்துவிட்டது. இப்போது வேலை முடிந்ததும் வெறும் பொலித்தீனை ஓடவிட்டு, அச்சைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுகிறேன்.

கட்டை இப்போது தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே குழாயில் இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை அப்பா கழற்றி, மறுபக்கத்தால் தண்ணீர் அடித்துச் செம்மண்ணை வெளியேற்றி மாட்டுகிறார். அடுத்த தறைக்கும் ஒன்று கேட்டிருக்கிறார், உப்பு காய்கிறது.